கிரயமும் குடிக்கூலியும்

கும்பகோணத்தில் நாகேசுவரன் கோயிலுக்குப் போகும் வழியில், பாத்திரக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் ஒரு சிறிய கடை, ஒரு காலத்தில் விடியற்காலை வேங்கடேச சுப்ரபாதத்தோடு கதவு திறந்து, இரவு பத்து மணிக்குத் தெரு அடங்கும்வரை ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது. சென்ற மாதம் அந்த வாசலில் போய் நின்றேன். பாட்டுச் சப்தம் இல்லை. தரையிலிருந்து உத்தரம்வரை சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த கேசட் வரிசைகள் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டன. அவை இருந்த இடத்தில் செல்போன் உறைகளும் சார்ஜர் வயர்களும் சரம் சரமாகத் தொங்குகின்றன. கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட சிறு அலமாரி ஒன்று மட்டும் பழைய இடத்திலேயே பூட்டியபடி இருந்தது. எழுபது வயதைக் கடந்த கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வியாபாரம் எப்படி என்று விசாரித்தேன். “பாட்டுக் கேக்கறவங்க குறையலை சார், முன்னைக்கு இப்ப ஜாஸ்தி. வாங்கறவங்கதான் இல்லை” என்றார்.

இசைத்தட்டும் ஒலிநாடாவும் குறுந்தகடும் விற்ற கடைகளுக்கு இந்த டிஜிட்டல் யுகத்தில் எதிர்காலம் உண்டா என்று ஒரு கட்டுரை வேண்டுமென ஆசிரியர் கேட்டதன் பேரில்தான் அந்தக் கடையைத் தேடிப் போனேன். லாப நஷ்டக் கணக்கு எழுதலாம் என்று போனவனுக்கு அந்தப் பெரியவரின் ஒரு வாக்கியம் வேறு வழியைக் காட்டிவிட்டது. கேட்பது பெருகி, வாங்குவது நின்றுபோன ஒரு காலத்தில், ஒரு ஜனசமூகத்துக்குத் தன் சங்கீதத்தின் மீதுள்ள பாத்தியதை என்ன ஆகிறது? அன்றிலிருந்து என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

கல்கத்தாவில் 1902-ஆம் ஆண்டில், வியாபாரத்தை உத்தேசித்து இந்திய மண்ணில் முதன்முதலாகக் குரல்கள் தட்டில் பதிவு செய்யப்பட்டபோது, பாட்டு என்பது பாடுகிறவருடைய மூச்சோடு பிறந்து மூச்சோடு மறைந்துபோகும் வஸ்துவாக இருந்த நிலை மாறி, கையில் பிடித்துத் தூக்கவும், காகித உறையில் போட்டு மூடவும், விலை பேசி வாங்கவும் உரிய ஒரு பண்டமாயிற்று. அந்தப் பண்டத்தின் உடம்பும் நம் நாட்டுச் சரக்கே. சோட்டா நாகபுரிப் பக்கத்துக் காடுகளில் புரச மரம் முதலியவற்றின் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரந்து கட்டும் அரக்குக் கப்பலேறிச் சென்று, உலகத்துச் சங்கீதத்தையெல்லாம் தாங்கும் தட்டுகளாக உருக்கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அரக்கு வரத்துத் தடைப்பட்டு, அமெரிக்காவில் பழைய தட்டுகளை வாங்கி உடைத்து உருக்கிப் புதிய தட்டுகள் வார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது என்றால், அந்தப் பூச்சியின் மகிமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலாகத்தான் இடம் இருந்தது. கச்சேரி மேடையில் விஸ்தாரமாக ஆலாபனை செய்து சபையைக் கட்டிப்போட்ட வித்துவான்கள், அந்த மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தின் ஜீவனைப் பிழிந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தது. 1963-இல் சட்டைப்பையில் அடங்கும் கேசட் பிறந்து, எண்பதுகளில் நம் கிராமங்களுக்குள் புகுந்தது. சினிமாவின் வசனமுங்கூடக் கடைச்சரக்காயிற்று: 1952-இல் வெளியான ‘பராசக்தி’யின் வசனத்தை இசைத்தட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு மனனம் செய்தவர்கள் எத்தனையோ பேர், 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசனம் கேசட்டாகி, டீக்கடைதோறும் வழக்கு நடத்திக்கொண்டிருந்தது.

இந்தக் கடைகளின் பொற்காலம் என்று நான் கருதுவது, கேட்ட பாட்டுகளை வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ரிக்கார்டிங் சென்டர்களாக அவை விளங்கிய காலத்தையே. யாழ்ப்பாணத்தார் அதையே ‘றெக்கோடிங் பார்’ என்று அழைத்தார்கள். வருகிறவர்கள் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் தமக்கு வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, “எப்ப வரலாம் அண்ணே?” என்று கேட்டுப் போவார்கள். கடைக்காரர் அந்தத் தாளை வாங்கிப் பார்ப்பதே ஒரு வைத்தியர் நாடி பார்ப்பதைப் போலிருக்கும். அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா என்பார்; அறுபதில் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டுக்கு மேல் அடங்காது என்பார்; ‘ஏ’ பக்கத்தின் கடைசியில் இந்தப் பாட்டைப் போட்டால் சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்துவிடும், ஆகையால் அதைப் ‘பி’ பக்கத்துக்குத் தள்ளி இங்கே ஒரு சிறிய பாட்டாகச் சொல் என்பார். படத்தின் பெயர் தெரியாது, பாடியவர் யாரென்று தெரியாது, பல்லவியின் மெட்டை மட்டும் வெட்கத்தோடு முனகிக் காட்டுகிற ஒரு பையனிடம், அது இன்ன வருஷத்து இன்ன படம் என்று சொல்லித் தட்டை உருவி எடுக்கும் ஞானம் அவருக்கு இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்துக்கு அந்தத் தொழில் உடன்பாடானதல்ல என்பது வாஸ்தவம். ஆயினும் ஒரு தலைமுறையின் ரசனை அந்தக் கவுண்டரின் மேல்தான் உருவாயிற்று.

அங்கே யார்தான் வரவில்லை? மாரியம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரர் வருவார். இரவெல்லாம் ஓட்ட வேண்டிய லாரி டிரைவர் தூக்கம் வராமலிருக்கப் பாட்டுத் தேடி வருவார். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகிறவன் பெட்டியில் வைத்துக்கொள்ள நாலு கேசட் வாங்குவான். அவன் போன பிறகு அவன் மனைவி வெற்றுக் கேசட் கேட்டு வருவாள், எழுதப் படிக்கத் தெரியாத மாமியாரும் பேசத் தொடங்கியிருக்கும் குழந்தையும் அதில் தங்கள் குரலைப் பதிந்து அனுப்புவதற்காக. அந்தக் குரல்களில் சில, இன்றைக்கும் ஏதோ ஒரு பரணில் துணிக்குள் சுற்றி வைக்கப்பட்டிருக்கக்கூடும். பாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் அதை எவ்வாறு பேணினார்கள் என்பதற்கு, வீடுதோறும் கேசட் உறையின் உள்ளட்டையில் பேனாவினால் எழுதப்பட்ட பெயரும் தேதியுமே சாட்சி.

பிறகு நடந்தவை வாசகர்கள் கண்ணெதிரே நடந்தவை. அவற்றை விரிக்க வேண்டியதில்லை. கேசட்டைக் குறுந்தகடு விழுங்கிற்று, குறுந்தகட்டை எம்.பி.3 விழுங்கிற்று, எல்லாவற்றையும் இணையப் பிரவாகம் விழுங்கிற்று. இன்று எந்தப் பாட்டையும் விரல் நுனியால் தொட்டு வரவழைக்கலாம்.

கடைகளின் எதிர்காலத்தைப் பற்றி மட்டும் கேட்பவர்களுக்கு ஆறுதலான செய்தி இல்லாமல் இல்லை. இறந்துவிட்டதாக எல்லாரும் நினைத்த இசைத்தட்டு, மேல்நாடுகளில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அமெரிக்காவில் 2020-இல் இசைத்தட்டு விற்பனையின் வருமானம், 1986-க்குப் பிறகு முதன்முறையாகக் குறுந்தகட்டு வருமானத்தை மிஞ்சிற்று. 2022-இல் எண்ணிக்கையிலும் அது முந்திக்கொண்டு, குறுந்தகடு சுமார் 3 கோடியே 30 லட்சம் விற்றிருக்க, இசைத்தட்டு 4 கோடியே 10 லட்சம் விற்றது. தனி முதலாளிகள் நடத்தும் இசைத்தட்டுக் கடைகளுக்கென்று 2008 ஏப்ரலில் தொடங்கிய ஒரு வருஷாந்தர விழா இப்போது பல தேசங்களில் நடைபெறுகிறது. டோக்கியோ நகரத்து ஷிபுயாவில், அடுக்கு மாளிகை ஒன்று முழுவதும் குறுந்தகடும் இசைத்தட்டுமாக நிறைந்திருக்க, இன்றும் அங்கே ஜனங்கள் மொய்க்கிறார்கள். ஆகையால், பெரிய பட்டணங்களில், பணமும் ரசனையும் ஒருங்கே வாய்த்தவர்கள் வாழும் வட்டாரங்களில், பத்துக் கடை இருந்த இடத்தில் ஒரு கடை, நூறு பேர் வந்த இடத்தில் பத்துப் பேர் என்கிற கணக்கில் இந்த வியாபாரம் பிழைத்துக்கொள்ளும் என்றே தோன்றுகிறது. ஆனால் ஷிபுயா பிழைத்தால் கும்பகோணம் பிழைத்துவிடுமா? என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

பழைய கிரயப் பத்திரங்களை வாசித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு வாசகம் ஞாபகம் இருக்கும். நிலத்தையோ மனையையோ விற்பவர், வாங்குபவரை நோக்கி, தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுப்பார். தானமாகக் கொடுக்கலாம், பண்டமாற்றுச் செய்யலாம், விற்கலாம். மகனுக்கும் பேரனுக்கும் வைத்துவிட்டுப் போகலாம். விற்பவர் நாளைக்கு மனம் மாறி வந்து வாசலில் நின்றாலும், ‘உமக்கு இங்கே என்ன வேலை?’ என்று கேட்கலாம். சொந்தம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பூரணமான வியாக்கியானம் எந்தச் சட்டப் புஸ்தகத்திலும் எனக்கு அகப்படவில்லை. கும்பகோணத்துக் கடைக்காரர் ஒரு கேசட்டைக் காகிதப் பையில் போட்டு நீட்டியபோது, பத்திரம் எழுதாமலும் ஸ்டாம்பு ஒட்டாமலும், அவர் செய்து கொடுத்தது இந்தக் கிரயமே. என் தகப்பனார் வாங்கிய எல்.பி. தட்டுகள் என் வீட்டில் இருப்பதும், அவற்றில் இரண்டை என் தங்கை தன் புக்ககத்துக்கு எடுத்துப்போனதும், ஒன்றை நான் ஒரு சிநேகிதருக்குக் கொடுத்து அவர் இன்னும் திருப்பித் தராமல் இருப்பதும், அந்தக் கிரயத்தின் பலன்கள்.

இணையத்தில் மாதச் சந்தா கட்டிக் கேட்பவனிடம் இருப்பது என்ன? குடிக்கூலி ரசீது. கூலி கட்டும்வரை வீட்டில் இருக்கலாம். வீட்டுக்காரர் ஓர் அறையைப் பூட்டிக்கொண்டால் கேட்க நாதியில்லை. நேற்றுவரை இருந்த பாட்டு, உரிமைக்காரர்களுக்குள் ஒப்பந்தம் முடிந்துபோன காரணத்தால் இன்று சாம்பல் நிறமடைந்து மௌனமாகிவிடுகிறது. தமிழில் செவியால் கேட்பதற்கும், பிறரிடம் ஒன்றை வேண்டிக் கேட்பதற்கும் ஒரே சொல்தான் உண்டு. இசைத்தட்டை வைத்திருந்தவன் முதலாவது அர்த்தத்தில் மட்டும் கேட்டான். நாமோ, ஒவ்வொரு முறையும் இரண்டாவது அர்த்தத்தில் கேட்ட பிறகே முதலாவது அர்த்தத்தில் கேட்கிறோம்.

சந்தா விஷயம் கிடக்கட்டும். ‘வாங்கு’ என்று எழுதிய பொத்தானை அழுத்தி, முழு விலையும் கொடுத்தவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2009 ஜூலையில், ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ என்ற இரண்டு ஆங்கில நவீனங்களை மின்நூலாக வாங்கியிருந்த அமெரிக்க வாசகர்கள் பலர், தங்கள் கைக்கருவியில் இருந்த புஸ்தகம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டதைக் கண்டார்கள். உரிமை இல்லாதவர் வெளியிட்ட பதிப்பு என்று தெரிந்ததும் விற்றவர்கள் தூரத்திலிருந்தபடியே அதை அழித்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2019-இல் வேறொரு மின்நூல் கடை மூடப்பட்டபோது, அதில் வாங்கிய புஸ்தகங்களெல்லாம் வாங்கியவர்களுக்குத் திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பி வந்தது. பணம் வந்துவிட்டதே, பிறகு என்ன குறை என்பவர்கள், விற்ற வீட்டுக்குள் விற்றவரே இரவில் புகுந்து பண்டத்தை எடுத்துக்கொண்டு பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால் சும்மா இருப்பார்களா? கலிபோர்னியா மாகாணத்தில், 2025 ஜனவரியிலிருந்து அமலில் உள்ள ஒரு சட்டம், டிஜிட்டல் பண்டங்களை விற்பவர்கள், கொடுப்பது வெறும் உரிமமே என்று தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்கு’ என்ற சொல்லை உபயோகிக்கலாகாது என்று விதிக்கிறது. ஒரு சொல்லின் மானத்தைக் காப்பாற்றச் சட்டம் இயற்ற வேண்டிய காலத்துக்கு நாம் வந்துசேர்ந்துவிட்டோம்.

இது ஒருவருடைய சொந்தப் பொருளைப் பற்றிய சில்லறை வழக்கு அல்ல. ஒரு பாஷை தன் ஞாபகத்தை எங்கே வைத்துக் காப்பாற்றுகிறது என்ற பெரிய வழக்கு. நம் அனுபவமே இதற்குப் போதிய பாடம். 1931 அக்டோபரில் சென்னையில் வெளியாகி, முதல் தமிழ்ப் பேசும்படம் என்று போற்றப்படும் ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அந்நாளில் படச்சுருள் யாரும் வீட்டுக்கு வாங்கிப் போகும் பண்டமல்ல. சில பிரதிகள் மட்டும் எடுக்கப்பட்டு, கொட்டகை கொட்டகையாகச் சுற்றி, தேய்ந்து, அழிந்துபோயின. இதற்கு நேர்மாறாக, திருவிதாங்கூரில் 1933-இல் திரையிடப்பட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் ஊமைப்படத்தின் கதியைக் கவனிக்க வேண்டும். அது தழுவிய நாவலின் பதிப்புரிமையை வைத்திருந்த திருவனந்தபுரத்துப் புஸ்தக வியாபாரிகள் வழக்குத் தொடுத்து, படத்தின் பிரதியைத் தங்கள் வசப்படுத்திக்கொண்டார்கள். படம் ஓடவில்லை. ஆனால் நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, 1974-இல், பூனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அந்தப் பிரதியை அங்கிருந்து மீட்டெடுத்தது. தென்னாட்டு ஊமைப்படங்களெல்லாம் அநேகமாக அழிந்தொழிந்த பிறகு, ஒரு புஸ்தகக் கடையின் மூலையில் கிடந்த சுருள் பிழைத்தது! கடை என்பது விற்கும் இடம் மாத்திரமல்ல, விற்காமல் கிடப்பதும் கிடந்து காப்பாற்றப்படும் இடம் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

பெரிய கிடங்குகளை நம்பலாம் என்பவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்வேன். 2008 ஜூன் முதல் தேதியன்று ஹாலிவுட்டில் ஒரு ஸ்டுடியோ வளாகத்தில் பற்றிய தீயில், புகழ்பெற்ற பாடகர்களின் மூல ஒலிநாடாக்கள் ஆயிரக்கணக்கில் வெந்து சாம்பலாயின. மூலம் அழிந்த பல பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன என்றால், கடைகளின் வழியாக அவை லட்சோபலட்சம் வீடுகளுக்குச் சிதறிப்போயிருந்ததும் ஒரு காரணம். 2019-இல், ஓர் இணையதளம் தன் சேமிப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும்போது, 2003 முதல் 2015 வரை ஜனங்கள் அதில் ஏற்றிவைத்திருந்த ஏறக்குறைய ஐந்து கோடிப் பாட்டுகள் தொலைந்துவிட்டதாக வெளியே தெரிந்தது. அவற்றில் பெரும்பகுதி யாருடைய அலமாரியிலும் தட்டாகவோ நாடாவாகவோ இல்லாதவை. ஆகையால் திரும்பி வரவும் இல்லை. விதைநெல்லை ஒரே குதிரில் கொட்டி வைத்த ஊருக்கும், வீட்டுக்கு ஒரு கோட்டையாகக் கட்டி வைத்த ஊருக்கும் உள்ள வித்தியாசம் இது.

நமது பாட்டுகளில் இந்த அபாயத்துக்கு முதலில் இலக்காகக்கூடியவை எவை? சினிமாப் பாட்டுக்குப் பயமில்லை. அதைச் சுமக்க ஆயிரம் கைகள் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், ஊருக்கு ஒரு சிறிய கம்பெனி கிளம்பி, அந்தந்த வட்டாரத்துக் கலைஞர்களை அழைத்து வந்து, கரகாட்டத்தையும் நையாண்டி மேளத்தையும், வில்லுப்பாட்டையும் ஒப்பாரியையும், கிராம தேவதைகளின் தாலாட்டையும், நாகூர்ப் பாட்டையும் வேளாங்கண்ணிப் பாட்டையும், ஹரிகதையையும் பட்டிமன்றத்தையும் கேசட்டாக வெளியிட்டார்களே, அவையே நிராதரவானவை. அந்தக் கம்பெனிகள் மூடிவிட்டன. பாடியவர்களில் அநேகர் காலமாகிவிட்டார்கள். உரிமை யாரிடம் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. லாபம் இல்லாததால் இணையத்தில் ஏற்ற எவருக்கும் சிரத்தையும் இல்லை. அவற்றுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே இருப்பிடம், கும்பகோணத்துக் கடையைப் போன்றவற்றின் தூசி படிந்த மூலைதான். அந்தக் கடை மூடும் நாளில், எடைக்குப் போடப்படும் மூட்டைக்குள் எந்தக் குரல்கள் போகும் என்று எண்ணும்போது எனக்கு உறக்கம் பிடிப்பதில்லை.

காசில்லாதவனுக்கும் குக்கிராமத்தானுக்கும் சகல சங்கீதத்தையும் எட்டச் செய்தது இணையமே என்றும், நாடா பூஞ்சணம் பூக்கும், தட்டுக் கீறும், 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்ததுபோல் கடையும் எரியும் என்றும் ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பண்டம் அழியக்கூடியது என்பது, அதைப் பல இடங்களில் வைக்க வேண்டும் என்பதற்கு நியாயமாகுமே தவிர, ஒன்றையுமே கையில் வைக்க வேண்டாம் என்பதற்கு நியாயமாகாது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்துவந்த ஒரு தனிமனிதர், பழைய புஸ்தகத்தையும் நோட்டீஸையும் பாட்டுப் புஸ்தகத்தையும் தம் ஆயுள் முழுவதும் தேடித் தேடி விலைக்கு வாங்கிச் சேர்த்தார். அவருக்குப் பிறகு, 1994-இல், அந்தப் பொக்கிஷம் சென்னைக்கு வந்து ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தமிழின் அச்சு வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் இன்று அதன் படியேறாமல் எழுத முடியாது. அவர் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அவருடைய காலத்தில் புஸ்தகமும் பாட்டும் கிரயத்துக்குக் கிடைத்ததே. குடிக்கூலிக்கு மாத்திரம் பாட்டுக் கிடைக்கும் காலத்தில் அத்தகைய பைத்தியக்காரப் புண்ணியவான் ஒருவர் பிறந்தாலும், அவர் எதை வாங்கி எங்கே சேர்ப்பார்?

ஆதலால், இந்தக் கடைகளின் எதிர்காலம் கடைக்காரருடைய பிழைப்பைப் பற்றிய பிரச்சினை மாத்திரமல்ல என்று என்னால் இயன்ற அளவு உரக்கச் சொல்ல விரும்புகிறேன். மார்கழி ஸீஸனில் சபா வாசலில் குறுந்தகடு விற்கும் மேஜையைக் கண்டால், ஒன்றையாவது வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பொதுநூலகத்தார், மூடப்போகும் கடையின் சரக்கை எடைக்காரர் வருவதற்கு முன்னால் போய்ப் பார்க்கட்டும். பரணில் கிடக்கும் கேசட்டை எறிவதற்கு முன்னால், அதில் பாடுகிறவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் பேரன் எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் கேட்கக்கூடிய ஒரு பாட்டாவது உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கடையை விட்டுக் கிளம்பும்போது, மூலையிலிருந்த வரிசையில் தேடி, ஒரு மாரியம்மன் தாலாட்டுக் கேசட்டை எடுத்தேன். பெரியவர் துணியால் துடைத்து, பில் எழுதிக் கொடுத்தார். பிறகு, அந்தக் கண்ணாடி அலமாரியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் பூட்டைத் திறந்து காட்டினார். பத்தொன்பது கேசட்டுகள். ஒவ்வொன்றின் மீதும் ரப்பர் பாண்டு போட்டுச் செருகிய மடித்த காகிதம். காகிதத்தில் யாரோ கைப்பட எழுதிய பாட்டு வரிசை. அடியில் பெயர், தேதி, பாக்கித் தொகை. தேதிகள் எல்லாம் தொண்ணூறுகளைச் சேர்ந்தவை. “அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனவங்க சார். ரிக்கார்டிங் பண்ணி வெச்சேன். வரலை” என்றார்.

முதலாவதை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தேன். பெண்ணின் கையெழுத்து, பன்னிரண்டு பாட்டுகள், ஐந்தாவது பாட்டுக்கு எதிரே, கட்டாயம் வேண்டும் என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தது. அதை நான் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். பெரியவர் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி, காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, ரப்பர் பாண்டைப் போட்டு, இருந்த இடத்தில் வைத்தார்.

“அது அவங்க பொருள் சார். நான் எப்படி விக்கறது?” என்று சொல்லிவிட்டு அலமாரியைப் பூட்டினார்.